ஸ்கூலுக்கு வந்த பழைய மாருதி வேன், வொகேஷனல் பசங்கள வச்சே ஓட வைக்க முடியுமா?

தென்காசி வாத்தியார் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். தென்காசி பக்கம் ஒரு எய்டட் ஸ்கூல்ல வொகேஷனல் பிரிவுக்கு ஆட்டோமொபைல் பாடம் எடுக்கேன், பிளஸ் ஒன் பிளஸ் டூ ரெண்டுக்கும். எங்க பழைய மாணவர் ஒருத்தர் அவங்க அப்பா வச்சிருந்த மாருதி வேன ஸ்கூலுக்கே குடுத்துட்டாரு. 1987 மாடல். ஆம்னிங்கற பேரு 1988லதான வந்துச்சு, இது அதுக்கு முந்தி வெறும் மாருதி வேன்னு வித்த காலத்து வண்டி. 796 சிசி, மூணு சிலிண்டர், கார்புரேட்டர், நாலு கியர்.

வண்டி அவங்க வீட்டு ஓலைக் கொட்டகைல ரொம்ப வருஷமா நின்னுருக்கு. நம்ம ஊரு சாரல் தெரியும்லா, நேரா மழை அடிக்காட்டியும் ஈரம் விடாது, அதனால கீழ்த்தகரம் பூரா துரு. இடது பக்க ஸ்லைடிங் டோர் அசையவே மாட்டேங்கு. டிரைவர் கால் வைக்கிற இடத்துல மேட்டத் தூக்குனா தரை தெரியுது. எலி வயரிங்க மொத்தமா கொறிச்சுப் போட்டு, சீட்டுக்கு கீழ எஞ்சின் மேலயே கூடு கட்டி வச்சிருந்துச்சு. எஞ்சின் சுத்துதா ஜாம் ஆயிருக்கான்னே இன்னும் பாக்கல, ஒரு பேட்டரி வச்சு ஸ்டார்ட்டர் அடிச்சுப் பாப்போம் சார்னு பசங்க நச்சரிச்சாங்க, நான்தான் கொஞ்சம் பொறுங்கடேன்னு நிறுத்தி வச்சிருக்கேன்.

எங்க லேப்ல இருக்கது ஒரு கட் செக்‌ஷன் எஞ்சின், தனியா ஒரு கியர்பாக்ஸ், செவுத்துல சார்ட். பசங்க நாலு ஸ்ட்ரோக்கையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிச்சிருவாங்க, ஆனா ஒரு போல்ட்ட எந்த அளவுக்கு முறுக்கணும், எங்க நிறுத்தாட்டி மரை போயிரும்னு கைக்குத் தெரியணும்லா, அது போர்டுல எழுதி வராது. இந்த வண்டி வந்து எறங்குனதுல இருந்து, கிளாஸ்ல வாயே தொறக்காத பயலுவ கூட இன்டர்வல்ல ஓடி வந்து அடியில படுத்து எட்டிப் பாக்கான். அதைப் பாத்ததும் இத எப்படியாச்சும் செஞ்சிரணும்னு ஆயிட்டு எனக்கு.

ஸ்டாஃப் ரூம்ல பாதிப் பேரு எடைக்குப் போட்டுட்டு ப்ரொஜெக்டர் வாங்கலாம்ங்காங்க. ஹெச்எம் நல்ல மனுசன், செய்யுங்கன்னுட்டாரு, ஆனா ஜனவரி 26 அன்னைக்கு கிரவுண்டுல ஓட்டிக் காட்டணும்னு ஆசைப்படுதாரு. காசு பி.டி.ஏவும் பழைய மாணவர்களும் கொஞ்சம் தாராங்க, பெரிய தொகை கிடையாது.

எங்க இருந்து ஆரம்பிக்க? எந்த வேலையப் பசங்க கைல குடுக்கலாம், எத வெளிய குடுக்கணும்? பேப்பர் விஷயமும் தெரிஞ்சவங்க சொல்லுங்க, ஆர்.சி அந்த அப்பா பேர்ல இருக்கு, அவரு இப்ப இல்ல.


கோவை ஃபிட்டர் எழுதியது:

வணக்கமுங்க சார். நான் ஐ.டி.ஐல மோட்டார் மெக்கானிக் டிரேடு எடுக்கறவன். ஸ்டார்ட்டர் அடிக்க விடாம நிறுத்துனீங்க பாருங்க, ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க. வருஷக்கணக்கா நின்ன எஞ்சின்ல சிலிண்டர் சுவர் காஞ்சு கிடக்கும், பிஸ்டன் ரிங் நிக்கற இடத்துல லேசா துரு புடிச்சிருக்கும், அந்த நிலைமைல ஸ்டார்ட்டர் போட்டு இழுத்தா ரிங்கும் போயிரும், சிலிண்டர் உள்சுவரான போரும் கீறிரும். மொதல்ல மூணு பிளக்கையும் கழட்டிட்டு ஒவ்வொரு ஓட்டைலயும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் ஊத்தி சில நாள் ஊற விடுங்க. அப்பறம் கிராங்க் புல்லி போல்ட்ல ஸ்பேனர் போட்டு கையாலதான் சுத்தணும், அதுவும் பசங்கதான் சுத்தணும். ஒரு இடத்துல புடிச்சா பலம் போடாம பின்னாடி கொஞ்சம் முன்னாடி கொஞ்சம்னு ஆட்டி ஆட்டி விடச் சொல்லுங்க. இந்த வண்டில சீட்டத் தூக்குனா எஞ்சின் கண்ணு முன்னாடி நிக்கும், நாலஞ்சு பேரு சுத்தி நின்னு பாக்கலாம், பாடம் நடத்த இத விட வசதியான வண்டி கிடைக்காதுங்க.

டைமிங் பெல்ட்டப் (கிராங்க் சுத்தறதுக்கு ஏத்த மாதிரி வால்வத் தொறக்க வைக்கற பெல்ட்) பத்தி யோசிக்கவே வேண்டாம், மாத்திருங்க. ரப்பர் வெடிச்சிருக்கும். மாத்துனதுக்கு அப்பறம் மார்க் ரெண்டும் சேந்துருச்சுன்னு விட்டுறாம கிராங்க்க கையால முழுசா ரெண்டு சுத்து சுத்தி மறுபடி மார்க் பாக்கணும். அந்த நேரத்துலயே 720 டிகிரிய மூணால வகுக்கச் சொல்லுங்க, 240 டிகிரிக்கு ஒரு தடவ ஒரு சிலிண்டர் அடிக்குது, அடிக்கற வரிசை 1-3-2. டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியத் தொறந்து வச்சுட்டு ரோட்டர் எந்த ஒயருக்கு நேரா வருதுன்னு பசங்களே பாத்து எழுதட்டும். பரீட்சைல எழுதற விடை கண்ணு முன்னாடி சுத்தறத ஒருக்கா பாத்துட்டான்னா ஆயுசுக்கும் மறக்காது.

ஆனா எஞ்சினுக்கு முன்னாடி பிரேக்குங்க சார். இத அழுத்தமாவே சொல்றேன். எல்லா எடத்துலயும் எஞ்சின் சத்தம் கேட்டுறணும்னு அவசரப்படுவாங்க, சத்தம் வந்த அடுத்த நிமிஷமே எவனாவது ஒருத்தன் கியரப் போட்டு நகத்திப் பாப்பான், அப்ப பிரேக் இருக்காது. வீல் சிலிண்டர் எல்லாம் இறுகிப் போயிருக்கும், மாஸ்டர் சிலிண்டர் கிட், ரப்பர் ஹோஸ், ஃப்ளூயிட் எல்லாமே புதுசு போட்டுருங்க, பெரிய செலவு ஆகாது. டிரம்மக் கழட்டுனதும் உள்ள இருக்கற தூசிய கம்ப்ரஸர் காத்து வச்சு ஊத விடாதீங்க. அந்தக் காலத்து லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், மூச்சுல போனா வெளிய வராது. ஈரத்துணி வச்சு தொடச்சு, துணிய கவர்ல கட்டித் தூரப் போடணும், பசங்களுக்கு மாஸ்க் கட்டாயம்.

வண்டியத் தூக்குனா ஜாக்கிய மட்டும் நம்பி ஒருத்தனும் அடியில போகக் கூடாது, ஸ்டாண்டு வாங்குங்க. ஹாலோ பிளாக் வைக்கவே வைக்காதீங்க, அது விரிசல் கூடக் காட்டாம திடீர்னு பொடிஞ்சு போகும். வந்த காசுல மொத செலவு ஸ்டாண்டு, கண்ணாடி, கையுறை, ஒரு தீயணைப்பு சிலிண்டர், ரெண்டு வாளி மணல்.

பெட்ரோல் டேங்க்க எறக்கிப் பாருங்க, பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி காஞ்சு ஒட்டியிருக்கும். ஓட்டை இருந்தா வெல்டிங் வைக்கலாம்னு ஸ்கூல் பக்கம் யோசிக்கவே கூடாதுங்க, காலியா இருக்கற டேங்க்தான் வெடிக்கும், உள்ள நிக்கறது ஆவி. வேற டேங்க் பாத்து வாங்கிப் போட்டுருங்க. ஃப்யூயல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் கிட் எல்லாம் மாத்தணும், ஏன்னா இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், 1987ல போட்ட ரப்பருக்கு அது ஒத்து வராது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், அதனால லீவு விடறப்ப டேங்க்ல பெட்ரோல் நிறுத்தி வைக்காதீங்க.

கழட்டற ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கவர், ஒரு சீட்டு, எங்க இருந்து கழட்டுனது யார் கழட்டுனதுன்னு எழுதி, கழட்டறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ. இத பழக்கிட்டீங்கன்னா மத்ததெல்லாம் தானா வந்துரும்.

ஜனவரி 26 கதைய மட்டும் ஹெச்எம் கிட்ட பேசி மாத்திருங்க. தேதி கிட்ட வரவர வேலை பசங்க கைல இருந்து வாத்தியார் கைக்குப் போகும், அப்பறம் வெளி மெக்கானிக் கைக்குப் போகும், கடைசில பசங்க சுத்தி நின்னு வேடிக்கை பாப்பாங்க. நெறய ஸ்கூல்ல காலேஜ்ல இதுதான் நடக்குது. வண்டி ரெண்டு வருஷம் எடுத்தாலும் எடுக்கட்டுங்க.


ஒரகடம் சர்வீஸ் எழுதியது:

சார் தப்பா எடுத்துக்காதீங்க, வேற ஒரு கோணம் சொல்றேன். நான் கார் சர்வீஸ் சென்டர்ல ஃப்ளோர் பாக்கறேன். இப்ப எங்க கிட்ட வேலைக்கு வர்ற பசங்களுக்கு மொத நாளே ஸ்கேனர் கைல குடுக்கறோம், எல்லாம் பி.எஸ் 6 புகை விதிக்கு வந்த வண்டி, சென்சார், இன்ஜெக்டர், அடுத்து எலக்ட்ரிக். கார்புரேட்டரும், ஸ்பார்க் வர கரண்ட்ட வெட்டி விடற பழைய பாயிண்ட் செட்டும் கத்துட்டு வந்தா அத எங்க வச்சு யூஸ் பண்ணுவான்? இதே காசுக்கு 2005க்கு மேல உள்ள எம்.பி.எஃப்.ஐ (கார்புரேட்டருக்குப் பதிலா இன்ஜெக்டர் வச்சது) ஆம்னி ஒண்ணு, ஆக்சிடென்ட் ஆனது, எடைக்கு வித்துட்டு இருப்பாங்க. இன்ஜெக்டர், த்ராட்டில் சென்சார், ஆக்சிஜன் சென்சார் எல்லாம் தொட்டுப் பாக்கலாம். பசங்க வேலைக்குப் போகணும்ங்கறதுதானே நம்ம நோக்கம், அத மொதல்ல பாருங்க.


வொகேஷனல் மாணவி எழுதியது:

மேல சொன்ன அண்ணனுக்கு ஒரு பதில். நானும் வொகேஷனல் குரூப்ல ஆட்டோமொபைல் படிச்சவதான், அப்புறம் பாலிடெக்னிக்ல நேரடியா செகண்ட் இயர் சேந்து இப்ப ஒரு டூ வீலர் ஷோரூம்ல சர்வீஸ் பக்கம் இருக்கேன். ஸ்கேனர்ல வர்ற கோட படிக்க ஒரு வாரத்துல கத்துக்கலாம்ண்ணா, ஆனா காத்து ஜாஸ்தியா பெட்ரோல் ஜாஸ்தியான்னு பிளக் கலர பாத்துச் சொல்ற ஆளு ஷோரூம்ல இன்னைக்கும் ஒண்ணோ ரெண்டோதான் இருக்காங்க. இன்ஜெக்டர் செய்யற வேலைய கார்புரேட்டர்ல கண்ணால பாக்கலாம், ஜெட்ட கழட்டி வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கலாம், அடைப்ப எடுத்தா என்ன மாறுதுன்னு அப்பவே தெரியும். அத தெரிஞ்சவன் சென்சார் ஏன் அப்படிச் சொல்லுதுன்னும் புரிஞ்சுக்குவான். எம்.பி.எஃப்.ஐ எஞ்சினும் ஒண்ணு ஸ்டாண்டுல வச்சா ரொம்ப நல்லது, நான் வேணாங்கல, ஆனா இந்த வேன விட்டுறாதீங்க சார்.

இன்னொண்ணு. உங்க கிளாஸ்ல பொண்ணுங்க இருந்தா அவங்க கைல ஸ்பேனர் குடுங்க. எங்க ஸ்கூல்ல ப்ராக்டிகல்னா பசங்க கழட்டுவாங்க, நாங்க ரெக்கார்டு நோட்டு எழுதுவோம், படம் நாங்கதான் நல்லா வரைவோம்னு எங்க தலைல கட்டிருவாங்க. பாலிடெக்னிக் போய்த்தான் மொதமொதலா ஒரு டயரக் கழட்டுனேன். முறை வச்சு சுத்த விடுங்க, இந்த வாரம் எழுதறவங்க அடுத்த வாரம் கழட்டணும். ஷாலுக்கு பதிலா கோட்டு, முடிய கொண்டை போட்டு தொப்பி, பசங்களுக்கும் கைல கட்டிருக்கற கயிறு, வளையம் எல்லாம் கழட்டணும், ஃபேன் பெல்ட் கிட்ட நிக்கறவங்க யாரா இருந்தாலும்.


மதுரை பட்டறை எழுதியது:

வாத்தியாரே, நான் டிங்கரிங் பெயிண்டிங் பட்டறை வச்சிருக்கேன். எஞ்சினப் பத்தி கோவைக்காரரு அருமையா சொல்லிட்டாரு, பாடியப் பத்தி நான் சொல்றேன்.

இந்த வண்டிக்கு தனியா சேஸ் கிடையாது, பாடிதான் எலும்பு. அதனால துரு அழகு சம்பந்தப்பட்ட விஷயம்னு நெனைக்காதீங்க. மொதல்ல உள்ள இருக்கற மேட்டு, ரெக்ஸின் எல்லாத்தையும் உரிச்சுட்டு, ஆளுக்கு ஒரு சின்ன சுத்தியலும் திருப்புளியும் குடுத்து அடி முழுக்க தட்டிப் பாக்கச் சொல்லுங்க. நல்ல தகரம் கணீர்னு பேசும், துருப் புடிச்சது சொத்துனு கேக்கும், திருப்புளிய வச்சு குத்துனா உள்ள போயிரும். போற இடத்தையெல்லாம் சாக்பீஸ்ல வட்டம் போட்டு வைங்க. ஃபுட்போர்டு, ஸ்லைடிங் டோர் ஓடுற கீழ் ரெயிலு, வீல் ஆர்ச்சு, கண்ணாடி பீடிங்குக்கு கீழ, ஜாக்கி வைக்கிற இடம், இதுகள்ல கட்டாயம் இருக்கும். லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்க இடத்தச் சுத்தி துரு இருந்தா மட்டும் பசங்க தொட வேண்டாம், அனுபவப்பட்ட ஆளு வந்து பாக்கட்டும், அது விட்டுச்சுன்னா பின் ஆக்சிலே தனியா வந்துரும்.

ஓட்டைய அடைக்கிறேன்னு மேலயே தகரத்த வச்சு ஒட்டுறது, ஃபைபர் போடுறது, பட்டிய அள்ளி அப்புறது, இதெல்லாம் விக்கிறதுக்கு செய்யிற வேலை. நீங்க சொல்லிக் குடுக்கிறதுக்கு செய்யிறீங்க. நல்ல தகரம் தட்டுப்படுற வரைக்கும் வெட்டி எடுத்துறணும். அட்டைல அளவு எடுத்து, அட்டைய மடிச்சு வச்சுப் பாத்து, சரியா உக்காந்ததுக்கு அப்புறம் 20 கேஜ் சி.ஆர் (கோல்ட் ரோல்டு) தகரத்துல வெட்டணும். இந்த அட்டை வேலை இருக்கே, அது பூராவும் பசங்க செய்யலாம், சூப்பரா வரும், அவங்க கண்ணு அளவு வேற மாதிரி ஆயிரும். வெல்டிங் மிக் மெஷின்ல (ஒயர் தானா வர்ற கரண்ட் வெல்டிங்) வைங்க, கேஸ்ல பத்த வச்சா இந்த மெல்லிசு தகரம் நெளிஞ்சு போகும். ஒரே கோடா இழுக்காம இங்க ஒரு புள்ளி, தள்ளி அங்க ஒரு புள்ளின்னு ஆற விட்டு ஆற விட்டு வைக்கணும். பேட்டரி ஒயர கழட்டிட்டு, பெட்ரோல் டேங்க் எறங்கியிருக்கான்னு பாத்துட்டுத்தான் வெல்டிங். வெல்டிங்க வெல்டர் வைக்கட்டும், பசங்க வேஸ்ட் தகரத்துல பழகட்டும், கை நின்னவன அப்புறம் வண்டில ஒரு ஓரத்துல வைக்க விடுங்க.

அந்த ஸ்லைடிங் டோர கம்பி போட்டு நெம்பாதீங்க வாத்தியாரே. உள்பக்கம் அட்டைய கழட்டி, ரோலர் இருக்கிற மூணு இடத்துலயும் துரு எண்ணெய் விட்டு ஊற வச்சு, மெதுவா முன்னும் பின்னும். ரோலர் தேஞ்சிருக்கும், அது கிடைக்கும். ஓட ஆரம்பிச்சதும் ரெயில்ல தண்ணி வடியிற ஓட்டைய குச்சி விட்டு எடுத்து விடுங்க, அது அடைச்சதாலதான் இந்தப் பாடு.

பெயிண்டு. ப்ரைமர் வரைக்கும், பட்டி பாக்கிறது, உப்புத்தாள், வாட்டர் பேப்பர் போட்டு தேய்க்கிறது எல்லாம் பசங்க வேலை. நம்ம வெயிலுக்கு பட்டி சீக்கிரம் இறுகும், ஹார்டனர கம்மியாப் போட்டு கொஞ்சம் கொஞ்சமா கலக்கச் சொல்லுங்க. ஆனா கடைசி கோட்டு பி.யூ (பாலியூரித்தேன்) பெயிண்ட ஸ்கூல்ல அடிக்காதீங்க, கைகூப்பிக் கேக்குறேன். அந்த ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, சாதா மாஸ்க் தாங்காது, நுரையீரல்ல ஏறுச்சுன்னா ஆஸ்துமா வரும், ஒருக்கா வந்துட்டா அந்த வாடை பட்டாலே இழுக்கும். எங்க தொழில்ல அப்படி ஆனவங்கள நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கடைசி கோட்டுக்கு மட்டும் பூத் வச்சிருக்க பட்டறைக்கு அனுப்புங்க. மதுரைக்கு கொண்டாந்தா அந்தக் கூலி நான் வாங்க மாட்டேன், பெயிண்டு காசு மட்டும் குடுங்க போதும்.


ஆர்.டி.ஓ விவரம் எழுதியது:

பேப்பர் பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன் சார். இந்த வேலைல ரொம்ப காலமா இருக்கேன்.

மொதல்ல முடிவு பண்ண வேண்டியது, வண்டி காம்பவுண்டுக்குள்ளயே இருக்கப் போகுதா ரோட்டுக்கு வரணுமா. உள்ளயேன்னா இப்ப ஆர்.சி புதுப்பிக்க காசு செலவு பண்ணாதீங்க, வாரிசு கிட்ட ஸ்கூலுக்குத் தானமா குடுத்தேன்னு எழுத்துல ஒரு கடிதம், ஒரிஜினல் ஆர்.சி, இறப்புச் சான்று, வாரிசு சான்று இத மட்டும் வாங்கி பத்திரமா வச்சுக்கோங்க. பின்னாடி வாங்கறது கஷ்டம், குடும்பத்துல யாராவது வெளிநாடு போயிடுவாங்க.

ரோட்டுக்குன்னா, படிவம் 31ல வாரிசு பேருக்கு மாத்தி, அப்புறம் 29, 30ல ஸ்கூல் நிர்வாகம் பேருக்கு. அடுத்து படிவம் 25ல புதுப்பிக்கணும். சொந்த வண்டிக்கு 15 வருஷம், அதுக்கப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமாத்தான் குடுப்பாங்க. கட்டணம் 2022 ஏப்ரல்ல காருக்கு 5,000 ஆச்சு, 20 வருஷம் தாண்டின காருக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாங்க. பசுமை வரி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று தனி. 1987 வண்டின்னா டி.என்னுக்குப் பின்னாடி மாவட்ட நம்பர் போடற முறை வர்றதுக்கு முந்தின மூணு எழுத்து நம்பரா இருக்கும், அது வாஹன்ங்கற கம்ப்யூட்டர் வண்டிப் பதிவு சிஸ்டத்துல ஏறியிருக்கான்னு மொதல்ல பாருங்க. ஏறலைன்னா பதிவு பண்ணின ஆபீஸ்லயே பழைய லெட்ஜர பாத்து ஏத்தணும், அதுக்கே அலைச்சல் இருக்கும்.

முக்கியமா ஒண்ணு. மோட்டார் வெஹிக்கிள் இன்ஸ்பெக்டர் சேஸ் நம்பரயும் எஞ்சின் நம்பரயும் பென்சில் பிரிண்ட்டோட ஒத்துப் பாப்பார். பாடில நம்பர் குத்தியிருக்கற இடத்துல கிரைண்டரோ உப்புத்தாளோ பட்டு அழிஞ்சா வண்டி அதோட போச்சு. இன்னைக்கே அந்த இடத்தக் கண்டுபிடிச்சு கிரீஸ் தடவி டேப் ஒட்டச் சொல்லுங்க, டிங்கரிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. கலர் மாத்தினாலும் எஞ்சின் மாத்தினாலும் ஆர்.சில ஏத்தணும், அதனால பழைய கலரே அடிங்க.

வின்டேஜ்னு பதியலாமேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அதுக்கு 50 வருஷம் ஆகியிருக்கணும். சரி பண்ணின அப்புறம் இதுல புள்ளைங்கள ஏத்திட்டுப் போற எண்ணம் இருந்தா அதையும் விட்டுருங்க. அது பள்ளி வாகனக் கணக்குல வரும், 2012ல தமிழ்நாட்டுல கொண்டு வந்த தனி விதிகள் இருக்கு, மஞ்சள் கலர்ல இருந்து அட்டெண்டர் வரைக்கும் எல்லாம் கேப்பாங்க, இந்த வண்டி அதுக்கு வராது. ஒரு நல்ல விஷயம், இது தனியார் வண்டி. அரசு ஆபீஸ் வண்டியா இருந்திருந்தா 15 வருஷம் தாண்டினதுக்கு 2023 ஏப்ரல்லேர்ந்து புதுப்பிக்கவே மாட்டாங்க, நேரா ஸ்க்ராப்தான்.


தென்காசி வாத்தியார் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நீங்க சொன்னதையெல்லாம் பிரிண்ட் போட்டு ஒர்க்‌ஷாப் செவுத்துல ஒட்டியாச்சு. ஹெச்எம் கிட்ட பேசிட்டேன், ஜனவரி 26க்கு ஓட்டிக் காட்டுறது கிடையாது, அன்னைக்கு வண்டிய கழட்டிப் போட்ட நிலைமைலயே பெத்தவங்க வந்து பாக்கட்டும், பசங்க நின்னு விளக்கட்டும்னு முடிவாச்சு. நம்பர் குத்துன இடத்தக் கண்டுபிடிச்சு டேப் ஒட்டியாச்சு. ஸ்டாண்டு வாங்கியாச்சு, நாலு வீலும் கழட்டி பிரேக் வேலை போய்க்கிட்டு இருக்கு, எழுதுறவங்க கழட்டுறவங்க முறை மாத்தி விட்டுருக்கேன். மதுரைக்காரர் சொன்ன சொல்லுக்கு என்ன பதில் சொல்லன்னு தெரியல, பெயிண்டுக்கு கட்டாயம் உங்க கிட்டதான் வாரோம்.

எஞ்சின் ஊற வச்சுட்டு கையால சுத்துனோம். மொதல்ல கல்லு மாதிரி நின்னுச்சு. பிளஸ் ஒன் பிள்ளை ஒருத்திதான் ஸ்பேனரப் புடிச்சு அசைச்சுக்கிட்டே இருந்தா, பலமே போடல, திடீர்னு சார் நகருது நகருதுன்னு கத்துனா, கிளாஸே கைதட்டிட்டு. முழு சுத்து வருது இப்ப. அப்புறம் பெல்ட் மாத்தி கம்ப்ரஷன் கேஜ் கடன் வாங்கிப் பாத்தோம். ஒண்ணாவது சிலிண்டர் 10 கிலோ, ரெண்டாவது 10க்கு கொஞ்சம் கீழ, மூணாவது 6தான் காட்டுது. மூணாவதுல கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாத்தோம், அப்பவும் 6தான், ஏறவே இல்ல. ரிங்கா இருந்தா ஏறணும்லா, அப்ப வால்வுதான்னு பசங்களே சொல்லிட்டாங்க. ஹெட்டத் தூக்கிரவா, இல்ல அதுக்கு முந்தி வேற ஏதும் பாக்கணுமா?


கோவை ஃபிட்டர் எழுதியது:

பசங்களே வால்வுன்னு சொன்னாங்கன்னா படிச்சது நெஜமாவே மண்டைல ஏறியிருக்குங்க சார், ரொம்ப சந்தோஷம்.

ஹெட்டத் தூக்கறதுக்கு முன்னாடி டேப்பட் கேப் (வால்வுக்கும் அத அமுக்கற ராக்கருக்கும் நடுவுல இருக்கற இடைவெளி) பாருங்க. கேப் ரொம்ப கம்மியா இருந்தா வால்வு முழுசா உக்காராம லீக் ஆகும், ஃபீலர் கேஜ் வச்சு சரி பண்ணிட்டு மறுபடி கம்ப்ரஷன் எடுங்க, அதுலயே ஏறிட்டா வேலை மிச்சம். ஏறலைன்னா மூணாவது பிஸ்டன கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்ல மேல கொண்டு வந்து, வண்டி கியர்ல இல்லாம பாத்துட்டு, பிளக் ஓட்டைல அடாப்டர் போட்டு கம்ப்ரஸர்ல இருந்து கொஞ்சமா காத்து விடுங்க. காத்து விடும்போது கிராங்க் சுத்தப் பாக்கும், புல்லிகிட்ட யாரும் கை வைக்கக் கூடாது, அதுல ஸ்பேனர் மாட்டி விட்டுறவும் கூடாது. இப்ப ஒருத்தர் கார்புரேட்டர் வாய்ல காது வைக்கட்டும், ஒருத்தர் சைலன்சர் முனைல, ஒருத்தர் ஆயில் மூடியத் தொறந்துட்டு அங்க. கார்புரேட்டர்ல உஸ்ஸுனு கேட்டா இன்லெட் வால்வு, சைலன்சர்ல கேட்டா எக்ஸாஸ்ட், ஆயில் மூடில கேட்டா ரிங். கண்ண மூடிட்டு கேக்கச் சொல்லுங்க.

எக்ஸாஸ்ட்தான் இருக்கும்னு தோணுது, ரொம்ப நாள் ஒரே வால்வு தொறந்த நிலைல நின்னா சீட்டுல துரு உக்காந்துரும். ஹெட்ட எறக்குனீங்கன்னா போல்ட்ட ஒரே அடியா கழட்டாம ஓரத்துல இருந்து உள்பக்கமா, கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணச் சொல்லுங்க, மாட்டறப்ப நேர் மாறா நடுவுல இருந்து வெளிய. வால்வையும் சீட்டையும் தேய்ச்சுப் பொருத்தற லேப்பிங் பேஸ்ட், ரப்பர் கப்பு வச்ச குச்சி ரெண்டும் ஸ்பேர்ஸ் கடைல கிடைக்கும், ஆளுக்கு ஒரு வால்வு குடுத்து தேய்க்க விடுங்க, ஆறு வால்வு இருக்கு. சுத்தி ஒரே சீரா மங்கலான வளையம் விழுந்தா போதும், அதுக்கு மேல தேய்க்க வேண்டாம். தேய்ச்சு முடிச்சதும் பேஸ்ட் ஒரு பொட்டு மிச்சம் இல்லாம மண்ணெண்ணெய்ல கழுவிருங்க, இல்லைன்னா அது உள்ள போய் போர அரைச்சுரும். அப்பறம் வால்வ மாட்டி, ஹெட்ட கவுத்து வச்சு, குழில கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊத்தி விட்டு வைங்க, போர்ட் பக்கம் கசியலைன்னா ஹெட்ட மாட்டலாம்.

ஹெட் பரப்பு நேரா இருக்கான்னு ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வச்சுப் பாருங்க, வளைஞ்சிருந்தா லேத் பட்டறைல குடுத்துத்தான் ஃபேஸிங் பண்ணணும். கேஸ்கெட் புதுசு. டார்க் ரெஞ்ச் இல்லைன்னா சொல்லுங்க, எங்க ஐ.டி.ஐல ரெண்டு இருக்கு, பிரின்சிபால் கிட்ட கேட்டு ஒண்ணு பார்சல்ல அனுப்பறேன், வேலை முடிஞ்சதும் திருப்பி விடுங்க.